கிளைக்கோன் ஓய்வெடுத்த மூன்று சனிக்கிழமைகள்

“படுத்திருக்கிறார். எழுதுங்க.”

“காய்ச்சல்ல படுத்திருக்கிறார் ஐயா. அதையும் சேர்த்து…”

“காய்ச்சலுக்கு ஏட்டுல இடம் இல்ல. படுத்திருக்கிறார்னு மட்டும்…”

“விலா எலும்பு ரெண்டு உடைஞ்சிருக்கு. அதுல ஒண்ணு உள்ள குத்தி…”

“டியோகாஸ், நான் மூப்பரா, நீங்க மூப்பரா?”

“நீங்கதான் ஐயா. ஆனா பாருங்க, மனுஷன் மூச்சு விடுறதையே ஒரு வேலையாத்தான் விடுறாரு.”

“மூச்சு பட்டியல்ல இல்ல.”

இந்தச் சண்டை நடந்தது சாயக்காரர் கிளைக்கோனின் நெஞ்சுக்கு மேலே. கட்டிலுக்கு இந்தப் பக்கம் மூப்பர் நெயோன், அந்தப் பக்கம் மெழுகுப் பலகையோடு உதவிக்காரர் டியோகாஸ். கால்மாட்டில் கிளைக்கோனின் மனைவி மெல்தினே பார்லிக் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்று, யார் பேசுகிறார்களோ அவர் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைக்கோன் கண்ணை மூடவில்லை. மூடினால் அதையும் ஓய்வு என்று எழுதிவிடுவார்களோ என்று பயம்.

அதற்கு முந்தின வருஷம் பெரிய ஊரில் ஆயர்கள் கூடி ஒரு விதி போட்டிருந்தார்கள். கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள் சனிக்கிழமையன்று யூதர்களைப் போல ஓய்ந்திருக்கக் கூடாது, வேலை செய்ய வேண்டும். மற்ற ஊர்களில் அந்த விதியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு விட்டுவிட்டார்களாம். எங்கள் ஊரில் அப்படி விட முடியவில்லை. எங்கள் ஊரில் யார் என்ன என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. ஒரே சாயத்தெரு, ஒரே வெந்நீர் ஊற்று, தொழிலுக்கு ஒரே சங்கம். சனிக்கிழமை யூதர்கள் கடையை மூடினால் நாங்களும் மூடினோம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூடினால் அவர்களும் வாடிக்கை இல்லை என்று மூடினார்கள். இலையுதிர் காலத்தில் அவர்கள் பண்டிகை எக்காளம் ஊதும்போது நாங்கள் ஜெப ஆலயத்து வாசலில் போய் நின்று கேட்டோம். அது நல்ல எக்காளம்.

இதையெல்லாம் விசாரித்த மூப்பர் நெயோன் ஒரு வாரம் சாப்பிடவில்லை. பிறகு சனிக்கிழமை மேற்பார்வை என்று ஒன்றை ஏற்படுத்தினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வீடு வீடாகப் போவது. வேலை செய்யாமல் இருப்பவர் பெயருக்கு நேரே ஒரு கீறல். மூன்று கீறல் விழுந்தவர் அந்த வருஷத்து ஞானஸ்நானப் பட்டியலில் இல்லை.

கிளைக்கோனுக்கு ஏற்கனவே ஒன்று விழுந்திருந்தது. இன்று இரண்டாவது.

ஞானஸ்நானத்தை அவர் இருபத்தாறு வருஷமாகத் தள்ளிப்போட்டு வந்தார். அதற்குக் காரணம் இருந்தது. மஞ்சிட்டி வேரில் தோய்த்த கம்பளியை விலை உயர்ந்த கடல் சிப்பி ஊதா என்று சொல்லாமல் எங்கள் தெருவில் யாராலும் கடை நடத்த முடியாது. தண்ணீரில் இறங்கி எழுந்தபின் அப்படிச் சொன்னால் அந்தப் பாவத்தைக் கழுவ இன்னொரு தண்ணீர் கிடையாது. ஆகவே கடையை மூடிவிட்டு இறங்கிக்கொள்ளலாம் என்று இருந்தார். கடையை மூடுவதற்குள் சாயத்தொட்டி ஏணியிலிருந்து விழுந்தார். வைத்தியர் அவர் விலாவில் காதை வைத்துக் கேட்டார். திராட்சை பூக்கிறவரைக்கும் தாங்குவார் என்று மெல்தினேயிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னது கிளைக்கோனுக்கும் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே பேச்சு. “தண்ணி படாம போயிட்டா நான் எங்க போவேன், மெல்தினே? அங்க என்னை யாருக்குத் தெரியும்?”

“மூப்பரே,” என்றாள் மெல்தினே, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு. “படுத்தவாக்குல செய்யற மாதிரி ஏதாச்சும் வேலை சொல்லுங்க. செய்வாரு.”

மூப்பர் நெயோன் சட்டை மடிப்பிலிருந்து ஒரு சுருளை எடுத்தார். அதுதான் பட்டியல். அது வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். விதி வந்த புதிதில் எது வேலை, எது வேலை இல்லை என்று சபையில் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் தாடி சீவினேன் என்றார், ஒருவர் மாமியாரோடு பேசினேன் என்றார். எது வேலை என்று நுணுக்கமாகத் தெரிந்தவர்கள் ஊரில் ஒரே இடத்தில்தான் இருந்தார்கள். மூப்பர் ஜெப ஆலயத்துக்குப் போய் வேதம் வாசிப்பவர் முன் மூன்று மாதம் உட்கார்ந்து, சனிக்கிழமை செய்யக் கூடாத வேலைகள் முப்பத்தொன்பதையும் அவற்றின் கிளைகளையும் எழுதிக்கொண்டு வந்தார். அவர்கள் செய்யக் கூடாததை நாம் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது கணக்கு. இப்போது ஓய்வுநாள் சட்டத்தில் சந்தேகம் வந்தால் யூதர்களே மூப்பர் நெயோனைத்தான் கேட்டார்கள்.

“உழுதல்,” என்று மூப்பர் வாசித்தார். “விதைத்தல். அறுத்தல். கதிர் அடித்தல். ஆட்டுமயிர் கத்தரித்தல். சாயம் தோய்த்தல்…”

“சாயம் தோய்க்கிறது அவர் தொழிலாச்சே!”

“அப்போ தோய்க்கட்டும்.”

“எழுந்திருக்க முடியாதே, ஐயா.”

“அதை நாங்க தடுக்கலையே அம்மா. முடிச்சுப் போடுதல். இது படுத்துக்கிட்டே செய்யலாம்.”

மெல்தினே கம்பளி நூல் ஒரு முழம் கொண்டுவந்தாள். கிளைக்கோனின் விரல்கள் நகக்கண்வரை சிவப்பு. நாற்பது வருஷத்துச் சாயம். நடுங்கி நடுங்கி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, பாடம் ஒப்பித்த பிள்ளையைப் போல மூப்பரைப் பார்த்தார். மூப்பர் குனிந்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் நூலை இழுத்தார். அவிழ்ந்துவிட்டது.

“ஒரு கையால அவிழ்ந்தா முடிச்சு ஆகாது,” என்றார் வருத்தத்தோடு. அவர் வருத்தம் உண்மையானது. “இந்த முடிச்சை ஒரு யூதர்கூட ஓய்வுநாள்ல போடலாம்.”

“போடலாமா? யாரு சொன்னது?” என்றார் டியோகாஸ். “அதுல ரெண்டு கருத்து உண்டுன்னு நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க?”

“ரெண்டு கருத்து உண்டு. அதனால தெரிஞ்சவங்களைக் கேட்போம். அவரை அதே மாதிரி இன்னொண்ணு போடச் சொல்லுங்க.”

முற்றத்துக்கு அந்தப் பக்கத்து அறையில் தெபோராள் இருந்தாள். யூத விதவை. முப்பது வருஷமாக இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. மெல்தினேக்குப் பிள்ளை பிறந்தபோதும் செத்தபோதும் பக்கத்தில் இருந்தவள். அன்று சனிக்கிழமை ஆனதால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, கொஞ்சம் வந்து பார்க்கணும்,” என்று மூப்பர் வாசலில் நின்று கும்பிட்டார். “இது முடிச்சா?”

தெபோராள் கட்டிலருகே வந்து நூலைப் பார்த்தாள், கிளைக்கோனைப் பார்த்தாள், மெல்தினேயின் முகத்தைப் பார்த்தாள். “இன்னிக்கு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது மூப்பரே. ஓய்வுநாள்.”

“ஆமாம் ஆமாம், மன்னிச்சுக்கணும்,” என்று மூப்பர் உடனே பின்வாங்கினார். “பட்டியல்லயே இருக்கு. நான்தான் மறந்துட்டேன். எப்போ முடியும்?”

“மூணு நட்சத்திரம் தெரியணும்.”

மூப்பரும் உதவிக்காரரும் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் இருவரும் எழுந்து கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்கள். ஒன்று என்றார் டியோகாஸ். அது நட்சத்திரம் இல்லை, கிரகம், செல்லாது என்றார் மூப்பர். உள்ளே கிளைக்கோன் இருமும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு இருமலுக்கும் மெல்தினே ஓடி ஓடிப் போய்த் துணியால் வாயைத் துடைத்துவிட்டு, துணியைப் பார்க்காமல் மடித்தாள்.

மூன்றாவது நட்சத்திரம் வந்தது. தெபோராள் வெளியே வந்தாள்.

“முடிச்சுதான்,” என்றாள். “நல்ல முடிச்சு. நாங்க யாரும் இப்படிப் போட்டா அது பாவம்.”

அவள் பொய் சொன்னது முற்றத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

மூப்பர் நெயோன் அவளைக் கும்பிட்டார். “ரொம்ப நன்றி அம்மா. ஆனா ஒருத்தர் யூதரைப் போல நடந்துக்கலைன்னு ஒரு யூதர் சொல்ற சாட்சி செல்லாது. அதுக்குத் தனி விதி இருக்கு. டியோகாஸ், ரெண்டாவது கீறல்.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் என்னை நட்சத்திரம் எண்ண வச்சீங்க?” என்றார் டியோகாஸ்.

“அவங்க ஓய்வுநாளை மதிக்கணும் இல்ல?”

வாசலைத் தாண்டும்போது மூப்பர் கண்ணில் மெல்தினே வீட்டுக் கூடை ஒன்று பட்டது. துணியை விலக்கினால், தெபோராள் கொடுத்த புளிப்பில்லாத அப்பம். யூதர் கையால் அதை வாங்கக் கூடாது என்றும் விதி இருந்தது. மெல்தினே ஓடிவந்து துணியை இழுத்து மூடப் பார்த்தாள்.

“புளிச்சதா, புளிக்காததா?” என்றார் மூப்பர். பதிலுக்குக் காத்திராமல் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். “சொல்ல முடியலையே.” இன்னொரு துண்டு. “எள்ளு போட்டிருக்காங்களா?” மூன்று அப்பம் தீர்ந்தபின், ஆதாரம் போதவில்லை என்று எழுதச் சொன்னார்.

ஊரில் மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். சனிக்கிழமை காலையில் எங்கள் தெருவில் நடந்தால் ஆளாளுக்கு வாசலில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். சிலர் வீட்டிலிருந்து ஒரு காய்ந்த அத்திப்பழத்தைத் தெருவுக்குத் தூக்கிவந்து, தெருவிலிருந்து வீட்டுக்குத் தூக்கிப்போவார்கள். அத்திப்பழத்துக்குக் குறைந்த எடை சுமை ஆகாது என்று பட்டியலில் இருந்தது. தையல்காரர் ஒருவர் இரண்டு தையல் போட்டுவிட்டு மூப்பர் வரும்வரை ஊசியைப் பிடித்தபடியே தூங்குவார், அது செல்லும். ரொட்டிக்கார வீட்டில் ஒரு சனிக்கிழமை பிறந்த குழந்தைக்கு நேரே டியோகாஸ், அன்றைய வேலை, அழுதது, என்று எழுதினார். அழுகை முப்பத்தொன்பதில் எதன் கிளை என்று மூப்பர் இரண்டு நாள் தேடினார்.

மூன்றாவது சனிக்கிழமை பாஸ்காவுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை. அன்று பொழுது சாயும்போதுதான் ஞானஸ்நானப் பட்டியலை முடித்து முத்திரை வைப்பார்கள்.

புதன்கிழமையே மெல்தினே மூப்பர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

“இப்பவே வந்து ஞானஸ்நானத் தண்ணியை ஊத்திடுங்க ஐயா. சனிக்கிழமை வரைக்கும் தாங்குமோ என்னமோ. நேத்திலேருந்து ஆளைப் பார்த்தா பயமா இருக்கு.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா அம்மா?” என்றார் மூப்பர். “அவரு நல்ல மனுஷர். எனக்கே தெரியும். ஆனா எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் நான் பார்க்க ஆரம்பிச்சா, அப்புறம் மேற்பார்வை எதுக்கு? மனுஷன் உள்ளத்தை ஆண்டவர் பார்க்கிறார். எங்களுக்குப் பார்க்கக் கொடுத்திருக்கிறது கட்டில் மட்டும்தான். இந்த ஊர்ல முன்னே யாருமே நான் கிறிஸ்தவனா யூதனான்னு கவலைப்பட்டது கிடையாது. நிம்மதியா இருந்தாங்க. இப்போ ஒருத்தருக்கும் தூக்கம் இல்ல. இது வளர்ச்சி இல்லையா?”

“ரெண்டு கீறல்தானே? இன்னும் மூணு ஆகலையே?”

“ரெண்டு இருக்கிறவங்க மூணாவது சனிக்கிழமை வேலை செஞ்சு காட்டினப்புறம்தான். நடுவுல ஊத்தினா, ஊத்தினப்புறம் மூணாவது விழுந்தா, ஊத்தின தண்ணியை என்ன செய்யறது?”

“அப்போ நானே ஊத்திடவா?”

மூப்பர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். “அந்தப் பேச்சு வெளியே போகக் கூடாது. பெண்கள் ஊத்துறது மேட்டு நிலத்துப் பிரிவினைக் கூட்டம். அவங்க பட்டியல் வேற பலகையில இருக்கு.”

வெள்ளிக்கிழமை தெபோராள் ஒரு மெழுகுப் பலகையோடு வந்தாள்.

“முடிச்சு வேண்டாம். எழுதட்டும்,” என்றாள். “எங்க சட்டத்துல ஒரு எழுத்து எழுதினா குத்தம் இல்ல, ரெண்டு எழுத்து எழுதினா குத்தம். ரெண்டும் ஒரே எழுத்தா இருந்தாலும் போதும்.”

“அவருக்கு எழுதவே தெரியாதே அக்கா.”

“இருக்கிறதுலயே சின்ன எழுத்து, நேர்கோடு. மேல இருந்து கீழே ஒண்ணு. பக்கத்துல இன்னொண்ணு. நாற்பது வருஷம் தொட்டி கலக்கின கைக்கு ரெண்டு கோடு வராதா?” பிறகு கட்டில் பக்கம் திரும்பி, “என்ன கிளைக்கோன், என்னை மாதிரி இல்லைன்னு காட்டறதுக்கு என்கிட்டயே பாடமா?” என்றாள்.

கிளைக்கோன் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகிவிட்டது. இருமல் நின்றதும் எழுத்தாணியைக் கேட்டார். அன்று முழுக்கக் கோடு போட்டார். பத்துக்கு நான்கு நேராக வந்தது.

சனிக்கிழமை மூப்பர் வந்து சேர்வதற்குள் பொழுது நன்றாகச் சரிந்துவிட்டது. ஊர் முழுக்க அத்திப்பழம் பார்த்துவிட்டு வர வேண்டாமா? வெயில் கிழக்குச் சுவரில் இரண்டு முழம் இருந்தது. மெல்தினே கிளைக்கோனை மூன்று தலையணையில் சாய்த்து வைத்திருந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. இரவு முழுக்க அவர் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், மூப்பர் வருவாரா, பொழுது சாய்வதற்குள் வருவாரா என்று.

“அம்மா, நீங்க கையைத் தொடக் கூடாது,” என்றார் மூப்பர் மெல்தினேயிடம். “தொட்டா உங்க வேலை ஆயிடும். உங்களுக்குத்தான் ஏற்கனவே கஞ்சி காய்ச்சினது இருக்கே.”

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கிளைக்கோன் முதல் கோட்டைப் போட்டார். மேலிருந்து கீழே. நேராக வந்தது. டியோகாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒண்ணு!” என்றார்.

“ஒண்ணு வேலை இல்ல,” என்றார் மூப்பர். “சும்மா இருங்க.”

இரண்டாவது கோட்டுக்கு எழுத்தாணி எழுந்தது, நின்றது, பலகைக்கு மேலேயே சுற்றிச் சுற்றி அலைந்தது. பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் அதோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அது பலகையின் மறு ஓரத்தில் போய் விழுந்து ஒரு கோடு இழுத்தது.

“ரெண்டு!” என்று கத்தினாள் மெல்தினே.

மூப்பர் பலகையை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். “ரெண்டும் சேர்ந்து வாசிக்கிற தூரத்துல இருக்கணும். இது இந்த ஊர்ல ஒண்ணு, அடுத்த ஊர்ல ஒண்ணு.” பலகையைத் திரும்ப மடியில் வைத்தார். “அவசரம் இல்ல. வெயில் இன்னும் ஒரு முழத்துக்கு மேல இருக்கு. பொழுது போனப்புறம் எழுதினாத்தான் செல்லாது.”

கிளைக்கோன் எழுத்தாணியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.

“போடுங்க,” என்றாள் மெல்தினே. “ஒரே ஒரு கோடுங்க. பக்கத்துலேயே. நான் இங்கதான் இருக்கேன்.”

கை அசையவில்லை.

வாசலில் நின்றிருந்த தெபோராள் அப்போது உள்ளே வந்தாள். ஓய்வுநாள் உடுப்பில் இருந்தாள். யாரையும் பார்க்காமல் கட்டில் ஓரம் உட்கார்ந்து, கிளைக்கோனின் சிவந்த கையைத் தன் கையால் பொத்தி, எழுத்தாணியைப் பலகைமேல் வைத்து, மேலிருந்து கீழே இழுத்தாள். முதல் கோட்டுக்கு ஒட்டினாற்போல இரண்டாவது கோடு.

“அக்கா!” என்றாள் மெல்தினே. “இன்னிக்கு உங்களுக்கு…”

“எனக்குத் தெரியும். உயிர் போற நேரம். கேட்டா சொல்லிக்கிறேன்.” அறுபத்தெட்டு வயதில் அவள் மீறின முதல் ஓய்வுநாள் அது. “ரெண்டு எழுத்து ஆச்சு மூப்பரே. ஊத்துங்க.”

மூப்பர் நெயோன் பலகையை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு சுருளைப் பிரித்தார்.

“ரெண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செஞ்சா, ரெண்டு பேருக்குமே அது வேலை இல்ல,” என்று வாசித்தார். மேலே விரலை ஓட்டினார். “ஆனா அதுல ஒருத்தரால தனியா முடியும், ஒருத்தரால முடியாதுன்னா, முடிஞ்சவருடைய வேலை.” நிமிர்ந்தார். “அம்மா, இது உங்க வேலை. கிளைக்கோனுக்கு ஒரு எழுத்துதான். டியோகாஸ், எழுதுங்க. தெபோராள், ஓய்வுநாள்ல ரெண்டு எழுத்து எழுதினார்.”

“ஒண்ணுதானே ஐயா எழுதினாங்க?”

“ரெண்டாவதை எழுதினவர்தான் ரெண்டு எழுத்தையும் முடிச்சவர். அது கிளைச் சட்டம்.”

“எந்தப் பலகையில எழுதறது?”

“ஞானஸ்நானப் பலகையில.”

“ஐயா, அந்த அம்மா யூதர்!”

“சனிக்கிழமை வேலை செய்யறவங்க யாரு? விதி என்ன சொல்லுது? நான் போட்ட விதியா அது?”

“என் பேரை எழுதாதீங்க,” என்று தெபோராள் எழுந்தாள். முகம் வெளுத்துவிட்டது. “எங்க ஆளுங்க பார்த்தா என்ன ஆகும்? மூப்பரே, என்னை விட்டுடுங்க. அவரைப் பாருங்க.”

“பயப்படாதீங்க அம்மா. தகுதி வந்தவங்களை நாங்க விடுறதில்ல.”

“பேருக்கு நேரே அப்பா பேரு கேட்குது ஐயா.”

“கேட்டு எழுதுங்க.”

“எழுதாதீங்கன்னு சொல்றேன் இல்ல!”

“டியோகாஸ், முத்திரை எங்க வச்சீங்க?”

மெல்தினே யார் பக்கமும் திரும்பவில்லை. கிளைக்கோனின் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது பிடிக்கலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கிழக்குச் சுவரில் வெயில் இன்னும் ஒரு முழம் இருந்தது. மஞ்சளாக, நல்ல வெளிச்சமாக, நேரே கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. கிளைக்கோன் கண்ணை அகலத் திறந்து அந்தச் சுவரையே பார்த்தார். பிறகு அவள் கையை, எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பலத்தோடு, இறுக்கினார்.

“மெல்தினே, இருட்டிருச்சா?”